வேலியில் நிற்கும் லிண்டன்

கைப்பேசியில் பெர்லின் நகரத்து லிண்டன் மரச் சாலையைப் பார்த்துவிட்டு, அந்த மரத்தில் ஒரு கன்று நம் தம்பிலுவில் முற்றத்திலும் நின்றால் என்ன என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசையில் பிழையில்லை. 1647இல் பிரண்டன்பேர்க்கை ஆண்ட ஃபிரெடெரிக் வில்லியமும் இதே ஆசையில்தான் அந்தச் சாலையோரம் மரம் நட வைத்தார். ஆனால் அவரிடம் பனிக்காலம் இருந்தது, நம்மிடம் இல்லை. லிண்டன் இலையெல்லாம் உதிர்த்து, மாதக்கணக்கில் குளிரில் உறங்கினால்தான் அடுத்த மொட்டு ஒழுங்காக விரியும். நாமோ வைகாசியில் கண்ணகி அம்மனுக்கே குளிர்த்தி செய்கிற ஊர்க்காரர். அம்மனையே குளிர்விக்க வேண்டிய வெயிலில் லிண்டனை யார் குளிர்விப்பது? கிணற்றுத் தண்ணீரை வேளைக்கு வேளை ஊற்றலாமே என்பார்கள். தண்ணீர் தாகத்தைத்தான் தீர்க்கும், தூக்கத்தைத் தராது. ஆழமான, ஈரம் காக்கும் மண் கேட்கிற மரத்தைக் கடற்கரை மணலில் நட்டு, கச்சான் காற்றுக்குக் காவல் வைப்பதைப் பராமரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் லிண்டனின் சொந்தக்காரர் ஒருவர் நம் வேலியிலேயே நிற்கிறார்: பூவரசு. லிண்டனுக்கு முன்பு தனிக் குடும்பம் இருந்தது. மரபணுவைப் பார்த்து 1998இல் வெளியான வகைப்பாடு அதைப் பூவரசும் பருத்தியும் வெண்டியும் இருக்கும் குடும்பத்தில் சேர்த்துவிட்டது. இரண்டு இலையையும் அருகருகே வைத்தால் உறவு தெரியும். இரண்டும் இதய வடிவம். சீமை உறவுக்காரர் கேட்கும் உபசாரம் எதையும் பூவரசு கேட்பதில்லை. மாரி தொடங்கும்போது கைத்தடிமனில் ஒரு கதியால் வெட்டி ஊன்றினால் போதும், வேர் விடும். உப்புக் காற்றும் மணலும் அதற்குப் பிறந்த வீடு; காயே கடலில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கக்கூடியது. இலையை ஆடு தின்னும், வயலுக்குப் பசளையாகும், சுருட்டினால் பிள்ளைகளுக்குப் பீப்பியாகும். தின்று, உரமிட்டு, ஊதியும் தீராத மரத்துக்கு நாம் வைத்த பதவி வேலிக் கம்பு.

பூவரசில் மயிர்க்கொட்டி வருமே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வரும், உடம்பில் பட்டால் சொறியும். லிண்டன் மட்டும் சுத்தமா? அதன் இலையில் அசுவினி மொய்த்து, கீழே நிறுத்திய காரெல்லாம் பிசுபிசுக்க இனிப்பு நீர் சொட்டும். ஐரோப்பியர் அதைக் கழுவிக்கொண்டேதான் மரத்தைப் புகழ்கிறார்கள். மணத்தில் மட்டும் நான் வாதாட மாட்டேன். லிண்டன் பூவின் வாசமும் தேனும் தேநீரும் பூவரசிடம் இல்லை. அதற்குப் பதிலாகப் பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து, மாலையில் சிவந்து வாடும். ஒரே நாளில் இரண்டு நிறம். வாசத்துக்கு அது ஈடாகாது என்றால் ஒத்துக்கொள்கிறேன். நிழலுக்கு ஈடாகும். ஆகவே கன்றுக்காக வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்குமுன், ஐப்பசி மழையோடு பக்கத்து வேலியில் ஒரு கதியால் கேட்டுப் பாருங்கள்.