ஏ1 வகுப்பில் அண்ணன்மார் காணாமற்போவது குறித்து

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குச் செல்லும் தமிழ் மாணவர்களைப் பற்றி எழுதுவோர் வாடகை, குளிர், அரிசி விலை ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றனர். படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று போனவர்கள், வேலை தேட உதவுமே என்று மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேர்ந்ததும், அவர்களுடைய குடும்பத்தில் ஏற்படும் ஆள்குறைப்பைக் கவனிப்பார் இல்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இச்சிற்றாய்வு.

கருதுகோள் இது: தொடக்கநிலை மாணவன் உண்மையைச் சொல்வதில்லை, பிழையில்லாமல் சொல்லக்கூடியதைச் சொல்கிறான்.

ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக்குகிறது. ஏ1 படியில் நிற்பவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். எங்கே குடியிருக்கிறார், யார் யாரைத் தெரியும், என்னென்ன வைத்திருக்கிறார் என்ற கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். விடை மெய்யாக இருக்க வேண்டும் என்று அந்தப் படி எதிர்பார்ப்பதில்லை. ஆய்வின் அடித்தளம் இந்த இடைவெளியே.

முதல் பொய் மாணவனுடையது அன்று, பாஸ்போர்ட்டினுடையது. நம்மவர் பலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். ஆகவே ஆசிரியை வெகு மரியாதையாக 'ஹெர் பழனிசாமி' என்று அழைப்பார். மகன் எழுந்து 'யா' என்பான். ஈரோட்டில் இரவு பத்தரை மணி. உண்மையான ஹெர் பழனிசாமி கொசுவலைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்து வயது. ஜெர்மனில் இருபத்து நான்கை 'நான்கும் இருபதும்' என்ற வரிசையில் சொல்ல வேண்டும். வகுப்பில் இருபது வயதுக்காரர்கள் மிகுந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி அண்ணன்மாருக்கு வருவோம். 'எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்' என்பதற்கு 'ஐனே ஷ்வெஸ்டர்' போதும். பெண்பால் சொல் இரண்டாம் வேற்றுமையிலும் அசைந்து கொடுக்காது. சகோதரன் என்றால் 'ஐன்' என்பது 'ஐனன்' ஆகிவிடும். 'மூத்த' என்ற அடைமொழியையும் சேர்த்தால் அதற்கு ஒரு தனி விகுதி. நெற்றி வியர்க்க யோசிக்கும் அந்த மூன்று விநாடிகளில், கல்விக்கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணன் இல்லாமற்போகிறான். அவனுடைய இடத்தில் ஒரு சகோதரி பிறக்கிறாள். ஆசிரியை 'ஸேர் கூட்' என்று பாராட்டுவதால் அடுத்த வாரம் இன்னொருத்தியும் பிறக்கிறாள். இந்தியக் குடும்பங்களில் பெண்களே மிகுதி என்று அந்த ஆசிரியை நம்பத் தொடங்கியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எட்டு வேற்றுமைகளோடு பிறந்தவன் நான்குக்கு அஞ்சலாமா என்று இலக்கணப் புலவர்கள் கேட்பார்கள். சிக்கல் வேற்றுமையில் இல்லை, பாலில் இருக்கிறது. நம் மொழியில் மேசைக்கு ஆண்மை இல்லை. அங்கே மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியோ ஒன்றன்பால். திணை பிரித்து வளர்ந்த பிள்ளை இதில் தடுமாறாமலிருந்தால்தான் வியப்பு.

பால் அச்சம் போக்குவரத்தையும் பாதிக்கிறது. 'எப்படி வந்தீர்கள்?' என்ற கேள்விக்குப் 'பேருந்தில்' என்றால் 'டெர்' என்பது 'டெம்' ஆக வேண்டும். 'டிராமில்' என்றால் பெண்பாலுக்குரிய 'டி' மாறி, ஆண்பாலுக்கென்று பாடுபட்டு மனப்பாடம் செய்த அதே 'டெர்' வந்து நிற்கும். நடந்து வந்தால் 'ட்சூ ஃபூஸ்'. எந்த உருபும் வேண்டாம். ஆகவே பையில் செமஸ்டர் டிக்கெட் இருந்தும் வகுப்பு முழுவதும் நடந்தே வருகிறது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இதைக் கொண்டாடலாம்.

வாரயிறுதி இன்னும் மோசம். இறந்தகாலத்துக்குத் துணைவினைகள் இரண்டு. பெரும்பாலான வினைகளுக்கு 'ஹாபன்'. போதல், வருதல் போன்ற இடம்பெயரும் வினைகளுக்கு 'ஸைன்'. ஊர் சுற்றியவன் உஷாராகி, 'வீட்டிலேயே தங்கிவிட்டேன்' என்று ஒதுங்கப் பார்க்கிறான். தங்குதலைச் சொல்லும் 'ப்ளைபன்' அடி நகராத வினை. ஆனாலும் அதற்கும் 'ஸைன்'தான். இந்த அநீதியைக் கண்டபின் மிஞ்சுவது உறக்கம் ஒன்றே. 'ஹாபே கெஷ்லாஃபன்', தூங்கினேன். பாரிஸ் போய் ஈஃபில் கோபுரத்தடியில் படம் எடுத்துவிட்டு வந்தவனும் திங்கட்கிழமை வகுப்பில் இரண்டு நாளும் தூங்கியவனே.

இது ஒழுக்கக்கேடா? வாய்மை அதிகாரத்திலேயே வள்ளுவர் குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். வேற்றுமை உருபு பிழைக்காமல் இருப்பது நன்மையில் சேருமா என்பதை உரையாசிரியர்களின் தீர்ப்புக்கு விடுகிறேன். சேரும் என்பது என் கட்சி.

எதிர்த்திசைச் சான்று ஒன்றும் உண்டு. ஹாலே நகரில் படித்த பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715க்குள் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சேற்றிவிட்டார். அண்ணனா தம்பியா, அக்காவா தங்கையா என்று வயது விசாரிக்காமல் வாய் திறக்கவிடாத மொழியில் தொடக்க நாட்களில் அவர் தம் உடன்பிறந்தாரைப் பற்றி என்ன சொல்லிவைத்தாரோ! மணலில் எழுதியவை அன்றன்றே அழிந்ததில் அவருக்கு ஒரு வசதி இருந்தது. நம் மாணவனின் பொய்களோ பயிற்சி நோட்டில் சிவப்பு மைத் திருத்தங்களோடு பத்திரமாக இருக்கின்றன.

இதன் விளைவு பி1 படியில் தெரியும். அடைமொழி விகுதிகள் ஒருவாறு வசப்பட்டதும் மாணவனுக்கு உண்மை பேசும் ஆசை வந்துவிடுகிறது. இவ்வாய்வுக்குரிய மாணவன் ஒருநாள் நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்கு ஒரு மூத்த சகோதரன் இருப்பதாக ஒரு விகுதியும் பிசகாமல் அறிவித்தான். ஏ1இலும் பாடம் எடுத்த அதே ஆசிரியை மகிழ்ந்தார். பிறகு புருவம் சுருக்கி, 'உங்களுக்கு இரண்டு சகோதரிகள் அல்லவா?' என்றார். 'அன்றைக்கு இலக்கணம் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்' என்று விளக்க, நடவாததைச் சொல்லும் வினைவடிவம் வேண்டும். அது அடுத்த பருவத்துப் பாடம். மாணவன் சற்று யோசித்து, இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது என்றான். அதற்கு உருபு தேவையில்லை. வகுப்பு கைதட்டியது. மாப்பிள்ளைகள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஆசிரியை கேட்டார்.