கொள்வனவுக் குழுத் தலைவர் சமுகத்துக்கு ஒரு விஞ்ஞாபனம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

கனம் பொருந்திய தலைவர் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் திணைக்களத்தின் இணையத்தளத்தைச் செப்பனிட ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பெற்ற அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இன்னும் வெளியுலகைக் காணாமல் காரியாலயத்து மேசைக் கணினி ஒன்றினுள்ளேயே வளர்ந்துவரும் மேற்படி தளத்தின் ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்கு ஒரு விநாடிக்கு மேல் எடுக்கின்றது என்று அடியேன் சமர்ப்பித்த ஒற்றை வரிக் குறிப்பைத் தாங்கள் சிரத்தையுடன் பரிசீலித்து, அதற்கென உபகுழு நியமித்து, அவ்வுபகுழுவும் கூடித் தேநீர் அருந்தி, திருகோணமலையின் இணைய இணைப்பு மந்தமாயிருப்பதே காரணமென்றும், ஆதலால் அதிவேக இணைப்பும் புதிய கணினிகளும் கொள்வனவு செய்யப்படல் வேண்டுமென்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய வேகத்தை எண்ணுந்தோறும், அதிற் பாதியேனும் அந்தத் தளத்துக்கு வாய்த்திருக்கலாகாதா என்ற ஏக்கமே மேலிடுகின்றது.

கல்கிசையிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடி வடங்களின் வழியாக உலகத்தோடு பேசும் பாக்கியம் இந்நாட்டுக்கு உண்டு. ஆயினும் மேற்படி பக்கம் அவ்வடங்களைக் கண்டதே இல்லை. உலாவியும் சேவையகமும் தரவுத்தளமும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன். தாமதம் இம்மியும் மாறவில்லை. (இச்சோதனைக்குச் செலவேதும் ஏற்படாமையால் விலைமனுக் கோரப்படவில்லை என்பதைக் கணக்காய்வாளர் குறித்துக்கொள்வாராக.)

புதிய கணினிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரித்தானியர் நம்முடைய சீனன்குடாவில் நிறுவிச்சென்ற எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. அவற்றுள் மேற்றொகுதியிலுள்ளவை பல தசாப்தங்களாகத் துளி எண்ணெயும் காணாமல் காடு மூடிக் கிடந்ததை அறிந்த ஊரவர்களுக்கு, கொள்ளளவு வேறு, ஓட்டம் வேறு என்பதை விளக்க வேண்டியதில்லை. புதிய கணினிகளைக் கொண்டு நினைவகத்தை இரட்டிப்பாக்கும் யோசனையை உபகுழு எந்த ஊரிலிருந்து பெற்றதோ!

நடந்தது இதுதான். உலாவியின் சோதனைக் கருவியைத் திறந்து நோக்கியபோது, படங்கள் மலிந்த முகப்புக்கும், இரண்டே வரிகள் கொண்ட தொடர்பு முகவரிப் பக்கத்துக்கும் தாமதம் ஒரே அளவாக, சுமார் ஒரு விநாடியாக இருக்கக் கண்டேன். வேலையினால் உண்டாகும் தாமதம் வேலையின் அளவுக்கேற்ப ஏறியிறங்கும். எந்தச் சிறு வேலைக்கும் மாறாத அளவில் வந்து நிற்கும் தாமதமோ, எவரோ எதற்கோ காத்திருக்கின்றார் என்பதன் அடையாளம். அந்த ஒரு விநாடியில் நுண்செயலி ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருந்தது. வைரஸ் தடுப்பான், எக்ஸ்டிபக் என்னும் பிழைதேடி ஆகிய வழக்கமான குற்றவாளிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன், அவை நிரபராதிகள்.

முன்னைய ஒப்பந்தக்காரர் விட்டுச்சென்ற அமைப்புக் கோப்பில், தரவுத்தளத்தின் இருப்பிடம் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதப்பட்டிருந்தது. அப்பெயருக்கு விண்டோஸ் முதலில் தருவது ஐபி ஆறாம் பதிப்பு விலாசம். தங்கள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமோ நான்காம் பதிப்பு விலாசமாகிய 127.0.0.1 இல் மாத்திரமே செவிசாய்க்குமாறு அமைக்கப்பட்டது. 'இவ்விலாசத்தில் எவருமில்லை' என்ற மறுமொழி உடனடியாகக் கிடைத்தும், விண்டோஸ் அரை விநாடி பொறுத்து அதே இடத்தில் மீண்டும் விசாரித்து, மறுபடியும் பொறுத்து, இன்னொரு முறையும் விசாரித்த பின்னரே சரியான விலாசத்தை நாடிச் செல்கின்றது. பக்கந்தோறும் புதிதாக இணைப்புக் கோரப்படுவதால் பக்கந்தோறும் இந்த விசாரணை நடந்தேறுகின்றது. எவருமில்லை என்று அறிவிக்கப்பட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப விசாரிக்கும் இப்பழக்கத்தை அது எந்தக் காரியாலயத்தில் கற்றுக்கொண்டது என்பதை ஆராய அடியேனுக்கு அதிகாரமில்லை.

பரிகாரமாக, அந்த ஒரு வரியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதை நீக்கி 127.0.0.1 என்று எழுதினேன். பக்கம் உடனே திறக்கின்றது. இதற்கு முன்னனுமதி பெறாத குற்றத்துக்காக விளக்கக் கடிதம் கோரப்படின், அதனையும் மும்மடிப் பிரதிகளில் சமர்ப்பிக்கச் சித்தமாயிருக்கின்றேன்.

நிறைவேற்றிய தீர்மானத்தை வாபஸ் பெறுவது குழுவின் கௌரவத்துக்கு இழுக்கு என்று தாங்கள் கருதினால், கணினிகளைத் தாராளமாக வாங்குங்கள். அவை வந்திறங்கும் நாளில், அந்தக் கோப்பின் அந்த வரியை எவரும் பழையபடி மாற்றிவிடலாகாது என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் விடுத்தருளுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்.