ஆச்சிக்கு வைத்த லென்ஸ்

பேட்டை வீட்டு மச்சுச் சுவரில் பழைய தினசரி ஒன்றைப் பசை தடவி ஒட்டியிருந்தேன். வாசிக்க அல்ல, புது 50 மி.மீ. லென்ஸைச் சோதிக்க. “கேமராவோட வந்த லென்ஸா? அதுல ஷார்ப்னெஸ் எங்கல இருக்கு?” என்று இந்துக் கல்லூரிப் பக்கத்து டீக்கடையில் ஒரு நண்பன் கிளப்பிவிட்டதன் விளைவு.

எஃப் 1.8-இல் எழுத்துகள் கொஞ்சம் குழைந்தன. எஃப் 8-இல் வரி விளம்பரத்தின் போன் நம்பரே தெரிந்தது. அப்படியானால் 22-இல் அச்சு மையே தெரியும் என்று திருகினேன். மறுபடி குழைவு. துளை ரொம்பச் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவிவிடுமாம்.

“எதுக்குல பழைய பேப்பர போட்டோ புடிக்கே?” என்றாள் ஆச்சி.

“ஷார்ப்பா இருக்கான்னு பாக்கேன், ஆச்சி.”

“சாணை புடிக்கவன் வருவாம்லா, அவங்கிட்ட குடு.”

அதுவரை என் படங்களுக்கு ஆச்சிதான் உத்தமமான ரசிகை. இரண்டு கண்ணிலும் புரை. நெல்லையப்பர் தேரோட்டத்தில் கை ஆடிக் கெட்டுப்போன படத்தைக்கூட, “தேரு அசையுத மாதிரியே இருக்குல!” என்று மெச்சினவள்.

பிறகு அவளுக்கும் லென்ஸ் வைத்தார்கள். குறுக்களவு 6 மி.மீ., மூடி கிடையாது, பை கிடையாது. போர் விமானிகளின் கண்ணில் தைத்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949-இல் லண்டனில் அதே வகைப் பொருளில் செய்த லென்ஸை முதன்முதலில் வைத்தார். நம் பக்கத்தில் 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் அதன் விலையைச் சாமானியர் கைக்கு இறக்கியது. ஜப்பான்காரன் எனக்கு அந்த இரக்கத்தைக் காட்டவில்லை.

கட்டு அவிழ்த்த அன்று ஆச்சி சுவரைப் பார்த்து, “எப்பல வெள்ளையடிச்சிய? நீலம் கூடிப்போச்சே” என்றாள். ஆறு வருஷமாக ஒருவரும் அடிக்கவில்லை. மஞ்சளாகிப் போயிருந்த அவள் சொந்த லென்ஸ்தான் வெளியேறியிருந்தது. அடுத்து உத்தரத்து ஒட்டடை. அதற்கடுத்து அம்மாவின் தலை: “ஏ பிள்ள, உனக்கு இம்புட்டு நரையா?” அம்மா இரண்டு நாள் அடுக்களையை விட்டு வரவில்லை.

நான் எஃப் 8-இல் எடுத்துச் சட்டம் போட்டிருந்த ஆச்சி படத்துக்கும் முறை வந்தது. பாம்படத்தில் இழுபட்ட காதுமடல் மடிப்பு ஒவ்வொன்றும் எண்ணலாம். என் வாழ்நாள் சாதனை.

“யாருல இது?”

“நீதான், ஆச்சி.”

“கிழவியாட்டம்லா இருக்கு!”

உள்ளே போய்த் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். டவுன் ரதவீதி ஸ்டுடியோவில் எடுத்தது. நெகட்டிவில் பென்சில் வைத்துத் திருத்தித் திருத்தி, அம்மைத் தழும்பு உட்பட ஒரு புள்ளி மிச்சமில்லை. “இது கேமரா. உள்ளத உள்ளபடி காட்டியிருக்கு பாத்தியா!”

மறுநாள், லென்ஸில் தூசி படக்கூடாதென்று வாங்கிய ஃபில்டர்மேல் வாஸ்லின் தடவி எடுத்தேன். ஆச்சி படத்தைக் கையெட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“இப்பதாம்ல தெளிவா இருக்கு.”