எங்கள் வீட்டு 44.5 விழுக்காடு

பிரிட்ஜின் அடித்தட்டில் ஒரு டப்பா சாம்பார் இருக்கிறது. எந்த வாரத்துச் சாம்பார் என்று கேட்காதீர்கள். "நாளைக்குச் சுட வச்சுக்கலாம்" என்று எடுத்து வைத்தது நான்; கொட்டப்போவது என் மனைவி. சோற்றை வீசினால் பாவம் என்று வளர்ந்தவன், பாவத்தைத் தள்ளிப்போட டப்பா வாங்கிக்கொண்டேன்.

2012இல் தேசியத் திடக்கழிவு நிர்வாக இலாகா நாட்டின் குப்பையைக் கிளறிப் பார்த்தது. வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவு, 13.2 பிளாஸ்டிக், 12.1 பேம்பர்ஸ், 8.5 காகிதம். காகிதத்தைவிடப் பேம்பர்ஸ் அதிகமா என்று நக்கலடித்தேன். பேரன் வந்து தங்கியதும் வாயை மூடிக்கொண்டேன்.

சுங்கை சிப்பூட் தோட்டத்தில் அம்மா எங்களை வளர்த்தது பழைய சேலைக் கிழிசலில். லயத்துக்குப் பின்னால் ஒரு குழி; அதில் விழுந்தது அடுப்புச் சாம்பலும் சார்டின் டின்னும்தான். அந்த டின்னும் சில சமயம் மண்ணெண்ணெய் விளக்காகிவிடும். மிச்சச் சோறு கோழிக்கு, மீன் முள் பூனைக்கு. பொற்காலம் என்றெல்லாம் கதை விடமாட்டேன். கொட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஈப்போ தாமானுக்கு வந்தபின் வாங்கிக் கொட்டப் பழகிவிட்டேன். திருந்த நினைத்து மூன்று தொட்டி வாங்கினேன்: காகிதத்துக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் ஆரஞ்சு. நீலத்தில் இப்போது வெங்காயம் இருக்கிறது. மற்றவற்றைப் பேரன் டிரம் அடிக்க எடுத்துக்கொண்டான்.

தங்கச்சி ஜொகூரில் இருக்கிறாள். திடக்கழிவு பற்றிய 672ஆவது சட்டத்தை ஏற்ற மாநிலம் அது. 2015 செப்டம்பர் 1 முதல் அங்கே குப்பையைப் பிரித்தே ஆகவேண்டும். 2011இல் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது பேராக் சேரவில்லை, இங்கே குப்பை மாநகர் மன்றத்தின் பாடு. "அப்ப நீங்க பிரிக்கவே வேணாமாண்ணே?" என்றாள் போனில். "எங்களுக்கு எதுக்குச் சட்டம்? மனசே போதும்" என்றேன். பின்னால் மனைவி இருமினாள்.

அந்த இருமலுக்காகத்தான் உரம் தயாரிக்க ஆரம்பித்தேன். வாளியில் காய்கறித் தோலோடு நிறுத்தியிருக்கலாம். மீன் குழம்பையும் ஊற்றினேன். காய்ந்த இலை போடவில்லை, மூடியை இறுக்கிவிட்டேன். காற்றுப் போகாவிட்டால் மட்காது, அழுகும். குப்பைமேட்டுக்கு அடியிலும் இப்படி அழுகித்தான் மீத்தேன் கிளம்புகிறது. அங்கே லோரி லோரியாக, எனக்கு ஒரு வாளி போதுமாயிருந்தது.

அடுத்த வீட்டுச் சீன ஆண்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம் ஆண்டி, பெரிய எலி" என்றேன்.