காப்புப் பிரதி: வரையறை, வகைகள், செய்முறை

இணையச் சேவைகளில் ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் படம், கடிதம், தொடர்பு எண் முதலியவற்றை, அந்தச் சேவையின் தயவில்லாமல் திறக்கக்கூடிய இன்னோர் இடத்திலும் எடுத்து வைப்பது காப்புப் பிரதி. பேச்சு வழக்கில் பேக்கப். சிங்கப்பூரில் இது சனிக்கிழமை செய்ய வேண்டிய வேலை. எந்தச் சனிக்கிழமை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. செய்முறை இக்கட்டுரையின் இறுதியில் தரப்படுகிறது.

பேக்கப் நினைவுக்கு வர ஒரே காரணம்தான்: 'உங்கள் சேமிப்பிடம் நிரம்பப் போகிறது' என்னும் அறிவிப்பு. சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு சதவிகிதம், கீழே வாங்கச் சொல்லும் நீலப் பொத்தான். சாப்பாட்டு நேரம் பார்த்து வருவது இதன் இயல்பு. சென்ற வாரம் சிராங்கூன் சாலைக் கடையொன்றில், நெய் ரோஸ்ட் மேசைக்கு வந்த அதே நொடியில் வந்து சேர்ந்ததை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அறிவிப்பைத் தள்ளிவிட்டு ரோஸ்ட்டைப் படம் எடுத்தாயிற்று. அதுவும் அதே கிடங்கில் போய் அடைந்துகொண்டது.

கிடங்கு இலவசமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2015 மே மாதம் கூகல் ஃபோட்டோஸ் வந்தபோது, தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம் என்றது. ஆறு வருடம் சனம் சளைக்காமல் எடுத்துத் தள்ளியது. 2021 ஜூன் 1 முதல் புதிய படங்கள் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றாகிவிட்டது. மின்னஞ்சலும் கோப்புகளும் அந்த 15க்குள்ளேயே இருந்தாக வேண்டும். 2024இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அங்கேயே வந்து ஒண்டிக்கொண்டது. ஆப்பிள் பக்கம் இலவசம் 5 ஜிபி. 2011இல் ஐக்ளவுட் தொடங்கியபோதும் 5, இப்போதும் 5. கேமராக்கள்தான் வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன.

இனி, கிடங்கில் இருப்பவை. முதல் வகை தூண் படம். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டதும் '4பி' என்று எழுதிய தூணை எடுப்பது. வண்டியைக் கண்டுபிடித்தவுடன் படத்தின் வேலை முடிந்தது. ஆனால் சிஓஇ எனப்படும் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்து வண்டியே இரும்புக்குப் போன பிறகும் தூண் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது வகை சேலைப் படம். கிடங்கின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது இதுதான் என்பதால் விரிவாகக் காண்பது நல்லது. தேக்கா நிலையத்தின் மேல்மாடித் துணிக்கடை ஒன்றில் இது தொடங்குகிறது. கும்பகோணத்தில் இருக்கும் அக்கா, "சும்மா நாலு படம் அனுப்பு" என்கிறார். ஒரு சேலைக்கு முழுப் படம் ஒன்று, முந்தானை ஒன்று, பார்டர் ஒன்று, விலைச்சீட்டு ஒன்று. நிறம் படத்தில் சரியாகத் தெரியவில்லை என்பதால் கடைக்காரரின் அனுமதியோடு நடைபாதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி நான்கு. "மாம்பழக் கலரா, மஞ்சளா?" என்று கேள்வி வருவதால் பக்கத்தில் நிஜமான மஞ்சள் சேலையை வைத்து இன்னொன்று. அக்கா அவற்றைச் சித்திக்கு அனுப்புகிறார். சித்தி ஒரு படத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறார். வந்ததை எல்லாம் கைப்பேசி தானாகச் சேமித்துக்கொள்கிறது. வட்டம் போட்டது 'இது வேண்டும்' என்பதற்கா, 'இது வேண்டாம்' என்பதற்கா என்ற ஐயம் எழுவதால் சித்தி இன்னொரு வட்டம் போடுகிறார். கடைசியில், "இதே சேலை இங்கே பாதி விலைக்குக் கிடைக்கும், நீ அலையாதே" என்று முடிவாகிறது. வாங்கியது மூன்று ஊக்குகள் உள்ள ஓர் அட்டை.

இத்துடன் முடிந்தால் நல்லது. படங்களில் முகம் தேடும் மென்பொருள், கடை வாசலில் நிற்கும் பொம்மையைச் சுட்டி, "இவரும் இவரும் ஒருவரா?" என்று கேட்கிறது. ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் அந்தப் பொம்மைக்குத் தனி ஆல்பம். நான்கு வருடம் கழித்து 'இந்த நாளின் நினைவுகள்' என்று, வாங்காத சேலைகள் ஒவ்வொன்றாக, பியானோ இசையுடன் மிதந்து வருகின்றன. சேலைகள் எப்போதோ விற்று, யார் யார் கல்யாணத்திலோ கட்டப்பட்டு, கஞ்சி போட்டு மடித்தும் வைத்திருப்பார்கள். இவற்றுக்குத்தான் மாதச் சந்தா கேட்கிறார்கள். இவற்றுக்கே பேக்கப்பும் எடுக்க வேண்டுமாம்.

தீபாவளி அலங்கார வளைவு, மின்கட்டண ரசீது, யாருடையது என்று தெரியாத வைஃபை கடவுச்சொல் ஆகியவை மற்ற வகைகள்.

பேக்கப் இல்லாமல் போனவற்றின் வரலாறு நீளமானது. 2009இல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. தென்கிழக்காசியாவே குடியிருந்த ஃப்ரெண்ட்ஸ்டர், 2011இல் பழைய படங்களையும் செய்திகளையும் அழித்துவிட்டு விளையாட்டுத் தளமாக மாறியது. 2019இல் மைஸ்பேஸ், சர்வர் மாற்றும்போது பல ஆண்டுப் பாடல்கள் தொலைந்ததாக ஒப்புக்கொண்டது. சிங்கப்பூருக்கு உறைத்தது 2024 ஆகஸ்ட்டில். மாணவர்களின் ஐபேட், குரோம்புக்குகளை நிர்வகித்த மொபைல் கார்டியன் என்னும் செயலிக்குள் யாரோ ஊடுருவியதில், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியையே எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. வேறெங்கும் ஏற்றி வைக்காதவர்களின் குறிப்புகள் போயின. "பேக்கப் எடுக்கத் தெரியாதா?" என்று பிள்ளைகளைத் திட்டிய பெற்றோரின் கைப்பேசிகளை யாரும் சோதிக்கவில்லை.

பேக்கப்புக்கென்று 3-2-1 என்று ஒரு விதி உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பியது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில். இரண்டாவது ஊடகத்துக்காகச் சிம் லிம் ஸ்கொயருக்குப் போய் ஹார்ட் டிஸ்க் வாங்குவார்கள். அதன் கேபிள் வேறெந்தக் கருவிக்கும் பொருந்தாது என்பதால் முதலில் தொலைவது கேபிள். வெளியிடப் பிரதி சற்றுச் சிக்கலானது. பாசிர் ரிஸ்ஸில் இருப்பவர் ஜூரோங்கில் மாமியார் வீட்டு அலமாரியில் டிஸ்க்கை வைக்கலாம். ஒரு மாதத்தில் மச்சினன் அதில் சினிமா ஏற்றியிருப்பான். இந்த விஷயத்தில், ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் திரளும் வெளிநாட்டு ஊழியர்கள் முன்னேறியவர்கள். எடுத்த படம் அந்தக் கணமே ஊருக்குப் போய்விடுகிறது. விதியைக் கேள்விப்படாமலே நிறைவேற்றுகிறார்கள்.

செய்முறைக்கு வருமுன் கணக்குக்குள் நுழைய வேண்டும். கணக்கு தொடங்கியபோது கொடுத்த எண் ஊர் எண். அந்த சிம், பழைய பாஸ்போர்ட்டோடு ஒரு பையில் கிடக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எண் வேறொருவருக்குப் போய்விட்டது. ஓடிபி அவருக்குத்தான் போகும். அவரை அழைத்து, "அண்ணே, ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும், சொல்ல முடியுமா?" என்று கேட்டால், மோசடிக்காரன் என்று திட்டிவிட்டு வைக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உள்ளே நுழைந்துவிட்டால், 2011 முதல் கூகல் தரும் டேக்அவுட் போன்ற வசதிகள் உண்டு. கேட்ட தரவை ஜிப் கோப்புகளாக வெட்டி இணைப்பு அனுப்புவார்கள். இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதி ஆகும். படம் எடுத்த தேதி தனியாக ஒரு சிறு கோப்பில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த, தமக்கென்று தேதி இல்லாத படங்கள் எல்லாம் இறக்கிய நாளில் பிறந்தவை ஆகிவிடும். தனிநபர் தரவைச் சேவை விட்டுச் சேவை மாற்றித் தரக் கோரும் உரிமைக்குச் சிங்கப்பூர் 2020இல் சட்டத் திருத்தம் செய்தது. தேதிகளைத் திரும்ப ஒட்டித் தர எந்தச் சட்டமும் இல்லை.

இத்தனை வழிகள் இருந்தும் நடைமுறையில் பெரும்பாலோர் கையாளும் முறை, நீலப் பொத்தானை அழுத்துவது. 100 ஜிபி நிரம்பினால் 200, அதுவும் நிரம்பினால் 2 டிபி. வங்கி அட்டை விவரம் ஏற்கெனவே பதிந்திருப்பதால் நேரமும் ஆகாது. இது பேக்கப் அல்ல. இருப்பது அதே ஓர் இடத்தில், அதே ஒரு பிரதிதான்.