பதுங்கலும் பாய்தலும்: ஒரு தத்துவ விசாரம்

தமிழ்நாட்டு வீடுகளின் மொட்டை மாடிகளிலும், கல்லூரி விடுதிகளின் வராந்தாக்களிலும், இரவு பத்து மணிக்கு மேல், காதில் இயர்போன் மாட்டிய இளைஞர்களால் மிகுந்த உக்கிரத்துடன் நடத்தப்பட்டு வருவதும், சைவ வைணவ வாதங்களுக்குச் சற்றும் குறையாத ஆவேசம் உடையதும், ஆயினும் பண்டித உலகத்தால் இன்றளவும் ஏறெடுத்துப் பார்க்கப்படாததுமான தர்க்கம் ஒன்று உண்டு. நால்வர் அணியாகக் கூடிக் கைப்பேசியில் ஆடும் பப்ஜி என்னும் யுத்த விளையாட்டில், எதிரி இருக்குமிடம் தெரிந்த மாத்திரத்தில் பாய்வது உத்தமமா, உயிரைப் பேணிப் பதுங்கியிருப்பது உத்தமமா என்பதே அத்தர்க்கம். பரீட்சையில் தேறுவது எப்படி என்னும் கவலையைவிட இந்த ஆட்டத்தில் தேறுவது எப்படி என்னும் கவலையே நம் பிள்ளைகளின் நித்திரையை அதிகமாகக் கெடுத்து வருகிறது என்பது எமது அனுமானம். ஆகவே தக்க பிரமாணங்களோடு இதனை ஆராய்ந்து ஒரு சித்தாந்தத்தை ஸ்தாபிப்பது அவசியமாகிறது.

விஷயத்துக்குள் புகுமுன் அது நிகழும் க்ஷேத்திரத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுவது நூல்முறை. அயர்லாந்து தேசத்தவரான பிரெண்டன் கிரீன் என்பவர், பிறர் ஆக்கிய யுத்த விளையாட்டுகளில் தமது மாற்றங்களைப் புகுத்திப் பரிசோதித்து, பின்னர் தென்கொரியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 2017-ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த இந்த ஆட்டம், 2018-இல் கைப்பேசிக்கு இறங்கி, நம் ஊர்த் திண்ணைகளை வந்தடைந்தது. எராங்கல் என்பது 8 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு கற்பனைத் தீவு. அதன்மேல் பறக்கும் விமானத்திலிருந்து 100 பேர் பாராசூட்டில் குதித்து, வெறுங்கையோடு இறங்கி, அகப்பட்ட வீட்டில் அகப்பட்ட ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, நாற்புறமும் சுருங்கி வரும் நீல வட்டத்துக்கு அகப்படாமல் ஒருவரையொருவர் தீர்த்துக்கட்ட, கடைசியில் எஞ்சுகிற அணி எதுவோ அதுவே ஜெயித்தது. ஜெயித்தவர்களுக்குச் சிக்கன் டின்னர் என்று திரையில் எழுதிக் காட்டுவார்களேயன்றி ஒரு துண்டு கோழியும் தருவதில்லை. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி இந்திய சர்க்கார் இதனைத் தடை செய்ததும், 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்று நாமகரணம் மாற்றிக்கொண்டு, சிந்தும் இரத்தத்தையும் பச்சை நிறமாக்கிக்கொண்டு இது திரும்பி வந்ததும், 2022 ஜூலையில் மறுபடியும் மறைந்ததும், 2023 மே மாதத்தில் மறுபடியும் தோன்றியதும் சரித்திரம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விளையாட்டே இருமுறை பதுங்கி இருமுறை பாய்ந்திருக்கிறது என்பது இரு கட்சியாரும் தத்தமக்குச் சாதகமாகக் கொள்ளத்தக்க செய்தியாகும்.

இனிப் பூர்வபட்சம். பாய்ச்சல் மதத்தார், அதாவது ‘ரஷ்’ என்றும் ‘புஷ்’ என்றும் ஓயாது ஜபிப்பவர்கள், விமானம் பொச்சின்கி என்னும் ஊருக்கு மேல் வருவதற்கு முன்னரே குதிக்க ஆயத்தமாகிறார்கள். வேறு பல அணிகளும் அங்கேதான் குதிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே குதிக்கிறார்கள். தொல்காப்பியர் புறத்திணையியலில் ஆநிரை கவரும் வெட்சி, எயிலை முற்றும் உழிஞை என்று போரைப் பலவாறு வகுத்திருக்க, இவர்களோ நேருக்கு நேர் மோதும் தும்பை ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் பாடத்திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டவர்கள். ஆயினும் இவர்கள் வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. சுடச் சுடத்தான் சுடும் வித்தை கைகூடும் என்பதும், இருபத்தைந்து நிமிஷம் ஒளிந்திருந்துவிட்டு அந்தியத்தில் முதன்முதலாக எதிரியைக் காண்பவனுக்குக் கட்டைவிரல் நடுங்கி, குறி வானத்தை நோக்கிப் போய்விடும் என்பதும் பிரத்தியட்சமாகக் காணக்கூடியவை.

பதுங்கல் மதத்தாரின் ஆசாரமோ வேறு. ஊருக்கு ஒதுக்குப்புறமான மாடிவீட்டில் புகுந்து, கதவைச் சாத்தி, குளியலறையின் மூலையில் குந்தி, வாசற்படிக்கு நேரே துப்பாக்கியை நீட்டியபடி இவர்கள் வடக்கிருக்கிறார்கள். பழந்தமிழ் வேந்தர் சாவதற்காக வடக்கிருந்தனர், இவர்கள் சாகாதிருப்பதற்காக வடக்கிருக்கின்றனர் என்பது ஒன்றே பேதம். நாம் சும்மா இருந்தாலும் எதிரிகள் தம்மைத் தாமே குறைத்துக்கொள்வார்கள், நாம் ஏன் கையை அசைக்க வேண்டும் என்பது இவர்களது வேதாந்தம். கைப்பேசியில் அன்றாடம் ஆடும் தரவரிசை ஆட்டங்களில் நெடுநேரம் பிழைத்திருப்பதற்கு நல்ல மதிப்பு உண்டாகையால், இந்த வழியிலேயே கிரவுன், ஏஸ் முதலிய பட்டங்களை எய்திவிட்ட மகான்களும் உண்டு. பட்டம் வந்த பிறகு அவர்களை ஒரு நேர்ச் சண்டைக்குள் இழுத்து நிறுத்திப் பார்த்தால்தான் அந்தப் பட்டத்தின் கனம் தெரியவரும்.

இவ்விடத்தில் புறப்புண் பற்றி ஒரு வார்த்தை. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பதைச் சங்க இலக்கியம் அறிந்தோர் அறிவர். பொச்சின்கியிலோ முதுகில் குண்டு படாத நாளே இல்லை. எந்த வீரனும் நாணுவதாகக் காணோம், “ஹேக்கர்டா அவன்!” என்று உரைத்து, ஒரு ரிப்போர்ட்டும் அடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் புறப்பட்டுவிடுகிறான்.

இரு மதங்களுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல வல்ல பிரமாணம் எது என்று தேடுங்கால், போட்டிகளை நடத்துவோர் வகுத்துள்ள மதிப்பெண் விதியே நமக்குக் கிட்டுகிறது. 16 அணிகள், அணிக்கு நால்வர், ஆக 64 பேர். கடைசிவரை நின்ற அணிக்கு 10 புள்ளி. அடுத்தடுத்து நின்றவற்றுக்கு முறையே 6, 5, 4, 3, 2, 1, 1. ஒன்பதாம் இடம் முதல் பூஜ்யம். வீழ்த்திய ஒவ்வொரு தலைக்கும் 1 புள்ளி. இதனைச் சிறிது கூட்டிப் பார்த்தல் வேண்டும். பிழைத்திருத்தலுக்கென்று ஓர் ஆட்டத்தில் வழங்கப்படும் மொத்தப் புள்ளிகள் 32. வென்ற அணியின் நால்வரும் உயிரோடிருப்பதாக வைத்துக்கொண்டால் மாண்டவர் 60 பேர். நீல வட்டத்துக்கு இரையான சிலரைத் தள்ளிவிட்டாலும், வீழ்த்தலுக்கென்று வழங்கப்படுவது ஏறத்தாழ அதன் இருமடங்கு. முன்னாளில் முதலிடத்துக்கு 15 புள்ளி தந்து வந்த கணக்கை மாற்றி 10 ஆக்கியதன் மூலம், குளியலறைவாசிகளின் மானியத்தைப் போட்டிக்காரர்களே குறைத்துவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

இதைக் கேட்டுப் பாய்ச்சல் மதத்தார் ஆர்ப்பரிக்க முற்படுவார்களாயின் அவர்கள் சற்றுப் பொறுக்கக் கடவர். அந்த 60 தலைகளும் ஒரே நாழிகையில் விழுவதில்லை; வட்டம் சுருங்கச் சுருங்க, ஒளிய இடமின்றி அணிகள் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும் கடைக்காலத்தில் அவை மலிந்து கிடக்கும். இரண்டாம் நிமிஷத்தில் மூவரை வீழ்த்திவிட்டுத் தானும் மாண்ட அணி மூன்று புள்ளிகளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, பிழைத்துக் கிடந்த அணி அங்கே இடத்துக்கான புள்ளியையும் தலைக்கான புள்ளியையும் ஒருங்கே வாரிக்கொள்கிறது. ஆகவே உயிர் என்பது முதல். பாய்ச்சல் என்பது அம்முதலைச் செலவிட்டுச் செய்யும் கொள்முதல். செலவே செய்யாத உலோபியும், கடை திறந்த அன்றே முதலைத் தீர்த்துவிட்ட ஊதாரியும் ஆதாயம் காண்பதில்லை.

இது பொதுவிதி. பொதுவிதிகள் களத்தில் எவருக்கும் உதவுவதில்லையாதலால், சிறப்பு விதி ஒன்றைக் காண்பதற்காக, இவ்விளையாட்டில் நாள்தோறும் நிகழும் சம்பவம் ஒன்றை அணுகி நோக்குவோம்.

அணியில் முன்னே ஓடியவன் ஒருவன், மதிற்சுவரின் மேலாக எட்டிப் பார்த்த எதிரியைச் சுட்டுச் சாய்க்கிறான். இவ்விளையாட்டில் அணியாக ஆடுபவன் சுடப்பட்ட உடனே மாள்வதில்லை, முழங்காலிட்டுத் தவழ்கிறான், தோழன் ஒருவன் அருகிருந்து 10 விநாடி தொண்டு செய்தால் மீண்டும் எழுவான். “மச்சி, ஒருத்தன் நாக்! வாங்கடா, புஷ் பண்ணலாம்!” என்று முன்னோடி கூவுகிறான். பின்னே மரத்தடியில் இருப்பவனோ சற்று முன் பட்ட அடியில் பாதி உயிரோடிருப்பவன். “இருடா, ஹீல் போட்டுட்டு வரேன்” என்கிறான். முதலுதவிப் பெட்டியைப் பிரயோகிக்க 6 விநாடி பிடிக்கும். அப்படியும் உயிர் 75 வரைதான் ஏறும். அதற்கு மேல் வேண்டுமாயின் எனர்ஜி டிரிங்க் குடித்து மெல்ல ஏற்றிக்கொள்ள வேண்டும், அதற்குத் தனி விநாடிகள். மூன்றாமவன் வீட்டுக்குள் தோட்டா பொறுக்குகிறான். நான்காமவனை அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். முன்னோடி பொறுக்கமாட்டாமல் ஒற்றையாகப் பாய்கிறான். எஞ்சிய எதிரிகள் மூவரும் ஒரே ஜன்னலிலிருந்து அவனை வரவேற்கிறார்கள். அதற்குப் பின் மைக்கில் கேட்பது, “ரிவைவ் குடு, ரிவைவ் குடுடா!” என்னும் பிரலாபமும், “உன்ன யாருடா போகச் சொன்னா?” என்னும் தர்ம விசாரணையுமே.

இவ்வழக்கில் குற்றவாளி யார்? பாய்ச்சல் மதத்தார், உரிய தருணத்தில் வராத தோழர்களைச் சுட்டுவர். பதுங்கல் மதத்தார், அவசரப்பட்ட முன்னோடியைச் சுட்டுவர். நாம் விநாடிகளை எண்ணுவோம். எதிரி சாய்ந்தபோது நால்வருக்கு மூவர் என்னும் அனுகூலம் பிறந்தது. அதன் ஆயுள், சாய்ந்தவனை எழுப்ப ஆகும் 10 விநாடி. அதற்குள் பாய்ந்தாக வேண்டும் என்று முன்னோடி கண்டது மிகவும் சரி. ஆனால் அந்த 10-இல் 6 விநாடியைத் தோழனது வைத்தியம் விழுங்கிவிட, எஞ்சிய நான்கில் அவன் மரத்தடியிலிருந்து மதிற்சுவர் வரை ஓடி வந்தாக வேண்டும். அது நடவாத காரியம். ஆகவே பாய்ந்ததில் பிழையில்லை, பதுங்கியதிலும் பிழையில்லை. வைத்தியம் முடியுமுன் முதல் குண்டைச் சுட்டதே பிழை. மரத்தடியான் உடம்பு தேறும் வரை அந்த எதிரியைச் சுவரின்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதிலிருந்து பெறப்படும் சித்தாந்தமாவது: ஒருவன் பாயத்தக்க தூரம், அவன் வீழ்ந்தால் அந்த விநாடியே பழிவாங்கத்தக்க தோழன் நிற்கும் தூரமே. அத்தூரத்துக்குள் மாண்டவன் தன் உயிரை விற்றான். அதற்கு அப்பால் மாண்டவன் தானம் செய்தான். விற்றவனுக்கு ஈடாக எதிரி ஒருவன் வீழ்வான், தொண்டு செய்ய ஆளும் இருக்கும், சமயத்தில் அவனே எழுந்து வந்து அடுத்தவனையும் சுடுவான். தானம் செய்தவனுக்கோ, அவன் விட்டுச்சென்ற உடைமைப் பெட்டியை எதிரிகள் பங்கிட்டுக்கொள்ளும் காட்சியே மிச்சம். திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்துள் வரும் ஆட்டுக்கடா, முட்டுவதற்காகவே பின்வாங்குகிறது. அதே அதிகாரத்துக் கொக்கு, கொத்துவதற்காகவே அசையாமல் நிற்கிறது. ஆயினும் அவையிரண்டும் தனியே ஆடியவை. நால்வராக ஆடும்போது, கடா பின்வாங்கிய நேரத்தில் கொக்கு எங்கே நின்றது என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

தேர்ச்சி பெற விழையும் மாணாக்கர் பொருட்டு அப்பியாச முறை ஒன்றும் கூறுதும். ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேரை வீழ்த்தினோம் என்று கேடி விகிதத்தைப் பார்ப்பதைச் சிறிது காலத்துக்கு நிறுத்திவிட்டு, எப்படிச் செத்தோம் என்று மட்டும் பார்க்க வேண்டும். நான் விழுந்தபோது மிக அருகில் இருந்த தோழன் யார்? அவன் உயிர் எவ்வளவு? என்னைச் சுட்டவனை அவனால் பார்க்க முடிந்ததா? இம்மூன்று வினாக்களுக்கும் நேர்மையாக விடை கூறுபவன், பெரும்பாலான மரணங்கள் வீரத்தாலும் நேர்ந்தவையல்ல, கோழைத்தனத்தாலும் நேர்ந்தவையல்ல, மரம் ஒன்று தள்ளி நின்றதால் நேர்ந்தவை என்று கண்டுகொள்வான். பதுங்கல் மதத்தில் பிறந்தவர்களுக்குப் பொச்சின்கியில் சில நாள் வாசமும், பாய்ச்சல் மதத்தில் பிறந்தவர்களுக்கு அம்மை கண்டவர்போல் சில நாள் வீட்டுக்குள் வாசமும் பிராயச்சித்தமாக விதிக்கத்தக்கவை. அயலூர் முகந்தெரியாதவரோடு அணி சேர்ந்து ஆடுவோர்க்கு எம் சித்தாந்தம் பொருந்துமா என்று கேட்பாருளர், பொருந்தாது. அவர்கள் மைக்கே போடுவதில்லை.

எனினும் இந்தச் சித்தாந்தத்துக்கும், முற்கூறிய இரு மதங்களுக்கும் அடங்காத மரண வகை ஒன்று எஞ்சி நிற்கிறது. எதிரியை வீழ்த்திய வீரன், அவன் விட்டுச்சென்ற பெட்டியண்டை ஓடிப்போய்க் குனிந்து, தன் இரண்டாம் தரப் பையைக் கழற்றி மூன்றாம் தரப் பையை மாட்டிக்கொண்டு, எட்டு மடங்கு காட்டும் ஸ்கோப் இருக்கிறதா என்று துழாவி, ஏற்கெனவே போதுமான அளவுக்கு வைத்திருக்கும் தோட்டாவில் இன்னும் அறுபதை எடுக்கலாமா வேண்டாமா என்று சிந்தனையில் ஆழ்ந்திருக்கும்போது, துப்பாக்கிச் சத்தம் கேட்டு அங்கே வந்த மூன்றாம் அணியினரால் சாவகாசமாகச் சுடப்படுகிறான். இதில் பாய்தலும் இல்லை, பதுங்கலும் இல்லை. காமம் குரோதம் முதலிய ஆறனுள் லோபம் என்பது மட்டுமே உள்ளது. இவ்விஷயத்தில் இரு மதத்தாரும் தம்முள் இருந்த பேதமெல்லாம் மறந்து, “டேய், அந்தப் பெட்டிய விட்டுட்டு வாடா!” என்று ஒரே குரலில் கதறுகிறார்கள். அவன் வருவதில்லை.