ஸ்டிக்க விடுங்க மாமா!

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய மதுரைக்காரர் காலை நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஊரில் ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது. நடக்கலாம். அருகம்புல் சாறு குடிக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து ஓசிப் பேப்பரில் உலகத்தைத் திருத்தலாம். நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். ஏறி உட்கார்ந்து ஓட்டும் விமானம் இல்லை. தரையில் நின்றுகொண்டு ரிமோட்டால் பறக்கவிடும் விமானம்.

வீட்டில் இதை அறிவித்ததும் மனைவி கேட்டாள்: "ஏங்க, பேரன் பொறந்தப்புறம் வாங்கக் கூடாதா? பாக்குறவங்களுக்கு ஒரு காரணமாவது சொல்லிக்கலாம்ல?"

எனக்குக் குருநாதர் மாடிவீட்டுப் பையன். இன்ஜினீயரிங் படிக்கிறான். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். "பொம்மை விமானம்" என்று வாய்தவறிச் சொன்னதற்கே அவன் முகம் சுண்டிவிட்டது. "பொம்மை இல்ல மாமா, மாடல். பெரிய ப்ளேன்ல என்னென்ன இருக்கோ அம்புட்டும் இதுலயும் இருக்கு, பைலட்டத் தவிர." அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

அவன் சொன்னது உண்மைதான். ஃபோமில் வார்த்த உடம்பு, ஒன்றேகால் மீட்டர் அகல ரெக்கை, எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்கும் குறைவு. மூக்கில் மோட்டார், வயிற்றுக்குள் லித்தியம் பேட்டரி. ரெக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான், வாலில் எலிவேட்டர், ரட்டர். இவற்றை இழுக்கத் தீப்பெட்டியைவிடச் சிறிய சர்வோ மோட்டார்கள், ஒவ்வொன்றும் 9 கிராம். ரிமோட்டில் இரண்டு ஸ்டிக். இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் மோட்டார் வேகம் கூடும், பக்கவாட்டில் தள்ளினால் ரட்டர் அசையும். வலது ஸ்டிக்கை நம் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே போகும், முன்னே தள்ளினால் கீழே வரும், பக்கவாட்டில் தள்ளினால் விமானம் சாயும். இதற்கு மோட் 2 என்று பெயர். மோட் 1 என்று இன்னொன்று உண்டு. அதில் வேகம் வலது கைக்குப் போய்விடும். ஒன்றில் கைதேர்ந்தவரிடம் மற்றதைக் கொடுத்தால் விமானம் மண்ணைக் கவ்வும் என்றான் பையன். எனக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. இரண்டிலும் கவ்வும்.

நேராக மைதானத்துக்குப் போகக் கூடாதாம். முதலில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர். திரையில் பச்சைப் புல்வெளி, நீல வானம், நடுவில் ஒரு விமானம். அது விழுந்து நொறுங்கினால் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும், புதியது வந்து நிற்கும். அந்தப் பட்டனில் எழுத்து அழிந்துபோயிற்று.

திரையில் விமானம் என்னைவிட்டு விலகிப் போகும்வரை நான் நல்ல பைலட்தான். திரும்பி என்னை நோக்கி வரும்போதுதான் வினை. விமானத்துக்குள் இருப்பவனுக்கு அவன் வலது எப்போதும் வலதுதான். வெளியே நிற்பவனுக்கு, எதிரே வரும் விமானத்தின் வலது ரெக்கை இடப்பக்கம் தெரியும். அது நம் இடப்பக்கம் சாய்கிறதே என்று நிமிர்த்துவதற்காக வலப்பக்கம் தள்ளினால் இன்னும் சாயும். இன்னும் தள்ளினால் குட்டிக்கரணம். இதற்கு ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தான்: "எந்தப் பக்கம் ரெக்கை தாழுதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கத் தள்ளுங்க மாமா. சாயிறதுக்கு முட்டுக் குடுக்குற மாதிரி." வரும் விமானத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். போகும் விமானத்துக்கு முட்டுக் கொடுத்தால் கதை முடிந்தது. ஆக, ஓட்டுவதற்கு முன் அது வருகிறதா போகிறதா என்று தெரிய வேண்டும். இருநூறு அடி உயரத்தில், காலை வெயிலுக்கு எதிரே, பைஃபோக்கல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வருவதும் போவதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பறக்கவிட இடம் தேடியது தனிப் படலம். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே அவனியாபுரம் பக்கம் இருக்கிறது. அதனால் வடக்கே, அழகர்கோவில் போகும் வழியில், கோடையில் வறண்டு கிடக்கும் ஒரு கண்மாய்க்குப் போனோம். 2021-ல் வந்த ட்ரோன் விதிகளையும் பையன் கரைத்துக் குடித்திருந்தான். 25 கிலோவுக்கு மேற்படாமல், படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ கண்ணெட்டும் தூரத்துக்குள் பறப்பவை மாடல் வகையில் சேரும். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை போகலாம். விமான நிலையத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் 200 அடிதான். என் விமானம் இந்த உயர வரம்பை ஒருநாளும் மீறியதில்லை. அதன் நாட்டமெல்லாம் எதிர்த்திசையில்தான்.

விடிந்ததும் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் தரை சூடேறிக் காற்றுக் கிளம்பிவிடும். ஆடி மாதத்தில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. அம்மியே பறக்கும் காற்றில் ஒரு கிலோ ஃபோம் எம்மாத்திரம்?

எவ்வளவு சீக்கிரம் போனாலும் பார்வையாளர்கள் நமக்கு முன்பே வந்திருப்பார்கள். பக்கத்து ஊர்ச் சிறுவர்கள் ஒரு கூட்டம். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், தோளில் தொரட்டியோடு. முதல் நாளே அவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"ஏப்பா, இத வச்சு மருந்து அடிப்பீகளோ?"

"இல்லய்யா."

"போட்டோ புடிக்குமோ?"

"புடிக்காதுய்யா. சும்மா பறக்கும்."

"சும்மா பறக்கத்தேன் கொக்கு இருக்கே!"

அதற்குப் பதில் என்னிடம் இன்றைக்கும் இல்லை.

பறக்குமுன் சில சடங்குகள். முதலில் ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும், பிறகுதான் விமானத்தில் பேட்டரி இணைப்பு. நிறுத்தும்போது முதலில் விமானம், கடைசியில் ரிமோட். மாற்றிச் செய்தால் கட்டளை வராத நேரத்தில் மோட்டார் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது; சுழலும் ப்ரொப்பெல்லர் விரலைப் பதம் பார்த்துவிடும். அடுத்து எடைச் சமநிலை. ரெக்கைக்கு அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் நேராக நிற்க வேண்டும். அந்த இடம், ரெக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள தூரத்தில், முன்னாலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரியை முன்பின் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். மூக்கு கனத்த விமானம் சுமாராகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவை பறக்கும் என்பது இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களின் வாக்கு.

பிறகு காற்றுக்கு எதிரே நின்று, வேகத்தைக் கூட்டி, பையன் விமானத்தைக் கையால் எறிவான். கிளம்பும். அதுவரை எல்லாம் இயற்பியல். அதன் பிறகு நான்.

விமானம் தாழ்கிறது என்று தோன்றினால் மனிதக் கை என்ன செய்யும்? ஸ்டிக்கை இழுக்கும். மூக்கு நிமிரும், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் மூக்கை நிமிர்த்த நிமிர்த்த வேகம் குறையும். எதிர்வரும் காற்றை ரெக்கை சந்திக்கும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால், ரெக்கையின் மேலே வழுக்கிப் போக வேண்டிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்கும் விசை சட்டென்று விழும். ஸ்டால் என்பார்கள். மூக்கு குத்திட்டு இறங்கும். அந்த நேரத்தில் ஸ்டிக்கைத் தளர்த்தி விட்டால் வேகம் திரும்பி, விமானம் தானாகவே சமாளித்துக்கொள்ளும். ஆனால் தரையை நோக்கிப் பாயும் ஒன்றை இன்னும் கொஞ்சம் கீழே போகவிடு என்று சொன்னால் எந்தக் குடும்பஸ்தன் கேட்பான்? நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

"தாத்தா ப்ளேனு விழுந்துருச்சு டோய்!" என்று கண்மாய் முழுக்க எதிரொலித்தது. விழுந்ததைவிட அந்தத் 'தாத்தா' வலித்தது.

கண்மாயின் கரையெல்லாம் சீமைக்கருவேலம். அத்தனை பெரிய வெட்டவெளியை விட்டுவிட்டு என் விமானம் அந்த முள்ளைத்தான் தேடிப் போகும். பெரியவர் தொரட்டியோடு வருவார். ஆட்டுக்கு நெற்று உலுக்கும் அதே லாவகத்தில் கொக்கியை மாட்டி விமானத்தை இறக்குவார். ஃபோமில் முள் குத்திய இடங்களை வீட்டில் டேப் போட்டு மூட வேண்டும். அவசரத்துக்குக் கையில் கிடைத்த உடனடிப் பசையை வால் உடைப்பில் விட்டேன். விமானத்தோடு வந்த ஃபோம் அதைத் தாங்கிக்கொண்டது. ஓட்டைக்கு ஒட்டுப் போட நான் வெட்டி வைத்த தெர்மகோல் தாங்கவில்லை. புகையில்லாமல் கரைந்து குழியாகிவிட்டது. தெர்மகோலுக்கு அந்தப் பசை ஆகாது. ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான் நல்லது, பொறுமையாக ஒரு ராத்திரி காய வேண்டும், அவ்வளவே.

பேட்டரியோ வீட்டில் தனிக் கவனிப்புக் கேட்கும். பத்து நிமிடம்கூடப் பறக்காத ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் சார்ஜ். அடிபட்டாலோ அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ உப்பிக்கொள்ளும், தீப்பிடிக்கவும் செய்யும். அதனால் சார்ஜ் ஆகும் நேரம் முழுவதும் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். "எனக்குக் காய்ச்சல்னு படுத்தப்ப இப்படி உக்காந்து பாத்தீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

பிறகு பையன் இன்னொரு ரிமோட்டைக் கொண்டுவந்து, என் ரிமோட்டோடு ஒயரால் இணைத்தான். அவன் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை விமானம் என் வசம். விட்டால் அவன் வசம். அன்று காலை எனக்கு ஞானம் வந்தது போலிருந்தது. விமானம் அகலமான வட்டங்கள் போட்டது, கருவேலத்தை மதித்து ஒதுங்கியது, திரும்பும்போது உயரம் இழக்கவில்லை. சிறுவர்கள் வாயடைத்து நின்றார்கள். பெரியவர்கூடத் தலையை ஆட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எப்புடி?" என்றேன்.

"மாமா, அது நான்" என்றான் பையன்.

அப்புறம்தான் அவன் முறையான பாடத்தை எடுத்தான். விமானத்தை நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய், வேகத்தைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, என்னிடம் கொடுத்தான். "இப்ப ஸ்டிக்க விடுங்க மாமா." விட்டேன். "ரெண்டையும்." விட்டேன். விமானம் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அது பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. காற்றில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது, யாரும் கேட்காமலே நிமிர்ந்தது.

கற்றுக்கொள்பவர்களுக்கென்று செய்யும் விமானத்தின் சூட்சுமமே அதுதான். ரெக்கை உடம்புக்கு மேலே இருக்கும். இரண்டு பக்கமும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். விமானம் சாய்ந்து ஒரு பக்கம் சறுக்கினால், தாழ்ந்த ரெக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கும், அந்தப் பக்கம் தூக்கும் விசை கூடும், விமானம் நிமிர்ந்துகொள்ளும். அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1871-லேயே பாரீஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கில் ஓடும் சிறு விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டுக் காட்டினார். தன்னைத் தானே சமன்படுத்திக்கொள்ளும் அமைப்பு அதிலேயே இருந்தது. ரிமோட் கிடையாது. ஓட்ட ஆள் இல்லாததுதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கட்டிக்கொடுத்த மகளுக்கு மணிக்கொரு தரம் போன் போட்டு "எல்லாம் சரியா இருக்காம்மா" என்று கேட்டே சண்டையை மூட்டிவிடும் அப்பாவைப் போலத்தான் நான் அதுவரை ஸ்டிக்கைப் பிடித்திருந்தேன். விமானம் சரியாகத்தான் இருந்தது. அதன்பிறகு லேசாகத் தள்ளி, சாய்ந்ததும் விட்டு, துளி இழுத்துத் திருப்பப் பழகினேன். தரையிறக்குவதும் அதே ரகம்தான்: காற்றுக்கு எதிரே திருப்பி, வேகத்தைக் குறைத்து, அது இறங்கும்வரை பதறாமல் நிற்க வேண்டும். என் விமானம் இப்போதெல்லாம் இறங்குகிறது. இறங்கும் இடத்தை அதுவே தேர்ந்தெடுக்கிறது.

மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் 2003-ல் பால்சா மரத்தில் செய்த, 5 கிலோவுக்கும் குறைவான மாடல் விமானத்தைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்துக்கு அனுப்பினார். சுமார் 3,000 கிலோமீட்டர், 38 மணி நேரத்துக்கு மேல். அப்போது அவருக்கு வயது 77, பார்வை பெரும்பாலும் போய்விட்டது. கிளப்பவும் இறக்கவும் மட்டும்தான் ஆட்கள். நடுக்கடலில் ஓட்டியது உள்ளே வைத்த தானியங்கி. அத்தனை தூரம் யாரும் ஸ்டிக்கைத் தொடவில்லை. நான் கண்மாயைத் தாண்ட முடியாமல் இருந்ததன் ரகசியம், இதை அறிந்தபோது எனக்கு விளங்கிவிட்டது.

ஆசை வந்துவிட்டதா? முதலில் சிமுலேட்டர், அப்புறம் சொல்லித்தர ஓர் ஆள், அப்புறம்தான் விமானம். ஆளில்லாத வெளியில், விடிகாலையில், காற்று எழும் முன்பு பறக்கவிடுங்கள். ஜனங்கள் தலைக்கு மேலே வேண்டவே வேண்டாம். தொரட்டி வைத்திருப்பவரிடம் மரியாதையாக இருங்கள். ப்ரொப்பெல்லரை டஜன் கணக்கில் வாங்குங்கள். ஒன்று போதுமே என்று கடைக்காரர் சொன்னால், அவர் விமானம் விற்பவர் மட்டுமே, ஓட்டுபவர் இல்லை.